பதினேழாம் எண்காரரின் நோட்டு

என் மேசை இழுப்பறையில் ஒரு நீள நோட்டு இருக்கிறது. செய்தித்தாளில் அட்டை போட்டு, கிழிந்த இடத்தில் மறுபடியும் செய்தித்தாளை ஒட்டி ஒட்டி, இப்போது உள்ளே இருக்கும் தாள்களைவிட அட்டைதான் தடிமனாக இருக்கிறது. பக்கத்துக்கு ஒருவராக 31 பேர். ஒவ்வொரு பக்கத்திலும் அடித்து அடித்து எழுதிய விலாசங்கள். சில பக்கங்களில் ஏழு முறை அடித்திருக்கிறது. ஒன்பது பக்கங்களில் கடைசியாக ஒரு தேதி மட்டும் எழுதி, அதன் கீழே ஒரு கோடு.

1978 முதல் 1981 வரை உதகை அரசு கலைக் கல்லூரியில் தாவரவியல் படித்தவர்கள் நாங்கள். கோவையில் பாரதியார் பல்கலைக்கழகம் 1982-இல்தான் வந்தது. எங்கள் பட்டம் சென்னைப் பல்கலைக்கழகத்துடையது. ஜான் சல்லிவன் 1820-களில் கட்டிய கல் பங்களா எங்கள் கல்லூரி வளாகத்துக்குள்தான் இருக்கிறது. அந்தக் கல் சுவருக்குப் பக்கத்தில் வெயில் விழும் திட்டு ஒன்று உண்டு. ஜனவரி உறைபனிக் காலையில் முதல் வகுப்புக்கு முன்பு அந்தத் திட்டில் இடம் பிடிக்க எல்லோரும் ஓடுவோம். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். நடுவில் நான்கு அடி இடைவெளி. மூன்று ஆண்டுகளும் அந்த நான்கு அடி அப்படியே இருந்தது.

நண்பர்களின் பெயர்களைப் பொதுவில் எழுத எனக்கு விருப்பமில்லை. வருகைப் பதிவேட்டில் இருந்த எண்களாலேயே அவர்களைக் குறிப்பிடுகிறேன். அந்த எண்கள் எங்களுக்குப் பெயரைவிட நெருக்கமானவை. 1 முதல் 22 வரை ஆண்கள். 23 முதல் 31 வரை பெண்கள். நான் 28.

நோட்டைத் தொடங்கியவர் 17. இலங்கையில் ஹட்டன் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பிறந்தவர். 1964-இல் கையெழுத்தான சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தப்படி 5,25,000 பேர் இந்தியாவுக்கு வருவதாக முடிவாயிற்று. அந்தக் கணக்கில் ஒரு பிள்ளையாக, தலைமன்னாரில் கப்பல் ஏறி, ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் காத்திருந்து, கடைசியில் கூடலூருக்கு அப்பால் சேரம்பாடிப் பக்கம் அரசுத் தேயிலைத் தோட்டத்தில் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்துக்கு வந்து சேர்ந்தவர். தாயகம் திரும்பியோருக்கு வேலை கொடுக்கவே 1968-இல் தொடங்கிய தோட்டங்கள் அவை. இந்த அலைச்சலில் அவருக்குப் பள்ளிப் படிப்பில் இரண்டு ஆண்டுகள் போயின. எங்களைவிட இரண்டு வயது மூத்தவர் என்பதால் நான் அவரை அண்ணன் என்று கூப்பிட்டேன். அவருக்கு நான் தங்கச்சி. அந்த நான்கு அடி இடைவெளியைத் தாண்டிப் பேசுவதற்கு எங்களுக்கு அந்த உறவுமுறை தேவைப்பட்டது.

வார நாட்களில் ஊட்டியில் விடுதியில் தங்குவார். வெள்ளிக்கிழமை மாலை ஊருக்குப் போய்த் திங்கட்கிழமை காலை திரும்புவார். நடுவட்டத்தில் மூடுபனி இறங்கினால் பஸ் ஊர்ந்துதான் வரும். திங்கள் முதல் வகுப்பில் பேராசிரியர் 'பதினேழு' என்பார். பதில் இருக்காது. யாராவது ஒருவர், "கூடலூர் பஸ் இன்னும் வரவில்லை சார்" என்பார். சிறிது நேரத்தில் 17 வாசலில் வந்து நிற்பார், தலைமுடியெல்லாம் பனித்துளியோடு.

1981 ஏப்ரலில் குழுப் படம் எடுத்த அன்று அந்த நோட்டைக் கொண்டுவந்தார். எண் வரிசைப்படி பக்கம் பிரித்து, தலைப்பில் பெயரும் எழுதி வைத்திருந்தார். ஆண்கள் பக்கம் அவரே சுற்றி வந்து எழுதி வாங்கிக்கொண்டார். பெண்கள் பக்கம் வரத் தயங்கி என்னிடம் நீட்டினார். "தங்கச்சி, இதை உங்கள் பக்கம் கொடுத்து வாங்கித் தருவீர்களா?" என்றார். ஒன்பது பேரும் எழுதினோம். ஒன்பதும் அப்பாவின் விலாசம்.

எங்களுக்கு உலர்தாவரத் தொகுப்பு சொல்லிக் கொடுத்த பேராசிரியர் ஒரு விஷயத்தில் மிகக் கண்டிப்பானவர். செடியை எவ்வளவு அழகாக அழுத்தி ஒட்டியிருந்தாலும், எந்த இடத்தில், எந்தத் தேதியில், யார் எடுத்தது என்ற சீட்டு இல்லாவிட்டால் அந்தத் தாளைத் திருப்பிக் கொடுத்துவிடுவார். 17-இன் நோட்டிலும் அந்தச் சீட்டு இருந்தது. விலாசத்துக்குப் பக்கத்தில் எப்போது கிடைத்தது, யார் சொன்னது என்று பொடி எழுத்தில் குறித்திருப்பார். அதற்கும் கீழே இன்னொரு விலாசம். அதை எங்களிடம் அன்றே கேட்டு வாங்கினார். "நீங்கள் எங்கே போனாலும், யாரைக் கேட்டால் உங்களைப் பற்றித் தெரியும்? இடம் மாறாத ஆள் ஒருவரைச் சொல்லுங்கள்." ஒருவர் தாய்மாமாவை எழுதினார். ஒருவர் கோத்தகிரிக் கடைவீதியில் இருந்த மருந்துக்கடையை எழுதினார். ஒருவர் தன் ஊர்க் கோயில் பூசாரியை எழுதினார். நாற்பது ஆண்டுகளில் எங்களைக் காப்பாற்றியது முதல் விலாசம் அன்று. இந்த இரண்டாவது விலாசம்தான்.

ஏன் இப்படி ஒரு கவலை அவருக்கு என்று அப்போது எனக்குப் புரியவில்லை. 1994-இல் ஒருநாள் குன்னூரில் நான் வேலை பார்த்த பள்ளிக்கு வந்தார். கூடலூரில் ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தராக இருந்தார். தேநீர் குடித்துக்கொண்டே சொன்னார்: "கப்பல் ஏறும்போது எங்கள் லயத்துப் பிள்ளைகள் பதினோரு பேர் முகமும் எனக்கு மனப்பாடம். ஒருத்தர் விலாசமும் கையில் இல்லை. அடுத்த காம்பராவில் இருக்கிறவனுக்கு யார் கடிதம் எழுதுவார்கள் தங்கச்சி? பாதிப் பேர் அங்கேயே நின்றுவிட்டார்கள். பாதிப் பேர் இந்தியாவில் எந்த மலையில் இறங்கினார்களோ தெரியாது. ஒருத்தனையும் நான் மறுபடி பார்க்கவில்லை."

வந்த காரியத்தை அதன் பிறகு சொன்னார். ஆண்கள் 22 பேரில் 20 பேர் அவர் கையில் இருந்தார்கள். பெண்களில் என் ஒருத்தியின் விலாசம் மட்டுமே உயிரோடு இருந்தது. மற்ற எட்டுப் பேருக்கும் அவர் கடிதம் போடலாம். ஆனால், யார் இந்த ஆள், எதற்குக் கடிதம் என்று அந்த வீடுகளில் கேள்வி வரும். அவர்களுக்குச் சங்கடம் வைக்க அவர் தயாராக இல்லை. "அந்த எட்டுப் பக்கத்தை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்" என்றார்.

அப்போதுதான் ஒரு பெண்ணைத் தேடுவது எவ்வளவு கடினம் என்று தெரிந்துகொண்டேன். ஆண் எங்கே போனாலும் அவனுடைய தலைப்பெழுத்து அவனோடு போகிறது. எங்கள் தலைப்பெழுத்து கல்யாணத்தோடு மாறிவிடுகிறது. பெயருக்குப் பின்னால் கணவர் பெயர் ஒட்டிக்கொள்கிறது. தொலைபேசிப் புத்தகத்தில் கணவர் பெயர்தான் இருக்கும். ஓய்வு பெற்ற அப்பா குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டால் தாய்வீடு என்ற கயிறும் அறுந்துவிடும். 24-இன் அப்பா அருவங்காட்டில் வெடிமருந்துத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். அவர்கள் இருந்த குவார்ட்டர்ஸில் பின்னால் மூன்று குடும்பங்கள் மாறிவிட்டன. அவள் தந்திருந்த இரண்டாவது விலாசம் வெலிங்டன் பக்கத்துக் கத்தோலிக்க ஆலயம். அங்கே போய்ப் பங்குத் தந்தையிடம் கேட்டேன். திருமணப் பதிவேட்டைப் புரட்டி, மணமகனின் பங்கு திருச்சியில் எது என்று பார்த்துச் சொன்னார். அங்கே எழுதினேன். நான்கு மாதம் கழித்து 24-இடமிருந்து கடிதம் வந்தது. 'என்னைத் தேடினாயா?' என்று மட்டும் முதல் வரி. அந்தக் கடிதத்தை வைத்துக்கொண்டு ஆசிரியர் அறையில் அழுதேன்.

எட்டுப் பேரில் ஆறு பேரைக் கண்டுபிடித்தேன். இருவர் கிடைக்கவில்லை. இன்றுவரை கிடைக்கவில்லை. ஆண்கள் 22 பேரும் கடைசியில் கிடைத்துவிட்டார்கள். 31 பேரில் தொலைந்த இருவரும் பெண்கள் என்பதை என்னால் தற்செயல் என்று எடுத்துக்கொள்ள முடியவில்லை. அவர்கள் எங்கோ ஒரு நல்ல வீட்டில் பேரப்பிள்ளைகளோடு இருக்கலாம். ஆனால், அந்த வீட்டில் யாருக்கும் அவர்கள் ஊட்டியில் காளான்களையும் பெரணிகளையும் தேடி மழையில் நனைந்த பெண்கள் என்று தெரிந்திருக்காது. அந்த மூன்று ஆண்டுகளுக்கு அங்கே சாட்சி இல்லை. அது எனக்கு இன்னும் ஆறாத கோபம்.

எண்கள் மாறிய கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். முதலில் இன்லேண்ட் கடிதம். பிறகு பக்கத்துக் கடையின் தொலைபேசி, மஞ்சள் பலகை போட்ட எஸ்.டி.டி. பூத். 0423 என்ற எங்கள் மலையின் எண்ணுக்குப் பின்னால் ஒரு 2 வந்து சேர்ந்தது. பிறகு லேண்ட்லைனையே எல்லோரும் திருப்பிக் கொடுத்தார்கள். 2013 ஜூலையில் தந்தி நின்றது. ஒவ்வொரு முறையும் 17 எல்லாப் பக்கங்களையும் உட்கார்ந்து திருத்தினார்.

2015-இல் 9-இன் மகன் எங்களுக்கு வாட்ஸ்அப் குழு ஒன்று அமைத்துக் கொடுத்தான். முதல் வாரம் திருவிழா போல இருந்தது. பழைய குழுப் படத்தை யாரோ போட்டார்கள். இந்துநகர்த் தொழிற்சாலையில் செய்த புகைப்படத் தாளில் அச்சிட்ட கறுப்பு வெள்ளைப் படம்; இன்னும் மங்கவில்லை. பிறகு காலை வணக்கப் பூக்கள், மூட்டுவலிக்கு மருந்து, யாரோ யாருக்கோ அனுப்பிய அறிவுரைகள். அவற்றுக்கு நடுவே மரணச் செய்தி. அதன் கீழே கைகூப்பும் படங்கள். குழுவில் இருப்பவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால், 13 ஆறு வாரம் அந்தக் குழுவில் ஒரு வார்த்தையும் எழுதவில்லை. யாரும் கவனிக்கவில்லை. குளியலறையில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்து ஈரோட்டில் மருத்துவமனையில் கிடந்தார். மனைவி இல்லாத மனிதர். அதை எங்களுக்குச் சொன்னது இரண்டாவது விலாசத்தில் இருந்த அவருடைய மாமா மகன்.

அன்றிலிருந்து நாளுக்கு ஒருவர் என்று கூப்பிடுகிறேன். இன்று என்னைத் தவிர்த்து 19 பேர். மாதத்தில் 19 நாள். மாலை நான்கு மணிக்கு, தேநீர் நேரத்தில். குழு பேசுகிறவர்களைக் கேட்டுக்கொண்டிருக்கும். பேசாதவரைத் தேடிப் போவது ஓர் ஆள் செய்ய வேண்டிய வேலை. எங்கள் வகுப்பில் அதை 17 செய்தார், பிறகு நான்.

2018-இல் சர்க்கரை நோயால் அவருக்குக் கண் மங்கியது. கூடலூரிலிருந்து மகனோடு வந்து நோட்டை என் கையில் கொடுத்தார். சில பாடங்களும் சொல்லிக் கொடுத்தார். உடம்பு எப்படி இருக்கிறது என்று தொடங்காதீர்கள். எல்லோரும் நன்றாக இருக்கிறேன் என்றுதான் சொல்வார்கள். இன்று என்ன சமையல் என்று கேளுங்கள். ரசம் மட்டும்தான் என்றால் வயிறு சரியில்லை. மருமகள் என்ன செய்தாளோ தெரியாது என்றால் வீட்டில் மனம் சரியில்லை. இன்னும் சாப்பிடவில்லை என்று மூன்று மணிக்குமேல் சொன்னால் நேரில் போய்ப் பாருங்கள். இதை அவர் எங்கும் படித்தது இல்லை. நாற்பது ஆண்டுகள் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டது.

நானாகக் கற்றுக்கொண்டது ஒன்று உண்டு. 4-க்குக் காது கேட்காமல் போனபோது அது நடந்தது. கோத்தகிரி பக்கத்தில், ஹட்டி என்று சொல்லும் படுகர் ஊர் ஒன்றில் இரண்டு ஏக்கர் தேயிலை வைத்திருந்தவர். தொலைபேசியில் நான் கத்துவேன். அவர் 'என்ன, என்ன' என்பார். அவர் மனைவி வாங்கி மறுபடி கத்துவார். மூவருக்கும் களைத்துப்போகும். காது மருத்துவர் ஒருவர் எனக்கு விளக்கினார். முதுமையில் முதலில் போவது உச்ச ஒலிகள். உயிரெழுத்துகள் காதில் விழும்; மெய்யெழுத்துகள் நழுவிவிடும். கடை, படை, தடை மூன்றும் ஒன்றாகவே கேட்கும். அதனால்தான் சத்தம் கேட்கிறது, சொல் புரியவில்லை என்கிறார்கள். கத்தினால் அந்தச் சத்தம்தான் பெரிதாகும், சொல் தெளிவாகாது. குரலைத் தாழ்த்தி, நிறுத்தி நிறுத்தி, ஒரு வாக்கியத்துக்கு ஒரு செய்தியாகச் சொல்லிப் பார்த்தேன். மூன்றாவது மாதம் 4 சொன்னார்: "இப்போதுதான் நீங்கள் மரியாதையாகப் பேசுகிறீர்கள்." அவ்வளவு நாளும் நான் அவரைத் திட்டுவதாகவே அவர் காதுக்குப் பட்டிருக்கிறது.

4-க்கும் 22-க்கும் இருந்த மனக்கசப்பையும் சொல்ல வேண்டும். கல்லூரியில் இருவரும் ஒரே குடையில் நடந்தவர்கள். 22 இந்துநகர் ஃபிலிம் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தார். டிஜிட்டல் கேமரா வந்தது. உலகம் முழுவதும் ஃபிலிம் வாங்குவோர் குறைந்தார்கள். 22 விருப்ப ஓய்வில் வெளியே வந்து, சிறுதொழில் தொடங்க 4-இடம் கடன் வாங்கினார். 1998-இல் உச்சத்தில் இருந்த பச்சைத் தேயிலை விலை அடுத்த இரண்டு மூன்று ஆண்டுகளில் அடியோடு சரிந்தது. 4 மகள் கல்யாணத்துக்குப் பணத்தைத் திருப்பிக் கேட்டார். 22-இடம் இல்லை. நீலகிரியின் இரண்டு பிழைப்புகள் ஒரே நேரத்தில் விழுந்தன. அதன் நடுவில் இரண்டு நண்பர்கள் மாட்டிக்கொண்டார்கள். பதினெட்டு ஆண்டுகள் பேச்சில்லை. ஒன்றுகூடலுக்கு ஒருவர் வந்தால் மற்றவர் வரமாட்டார். 17 இருவரிடமும் பேசுவார். ஒருவரைப் பற்றி மற்றவரிடம் சமையல் செய்தி மட்டும் சொல்லுவார். அவர் இன்று சாமைச் சோறு சாப்பிட்டாராம், இவர் வீட்டில் கருவாட்டுக் குழம்பாம். சமாதானம் பேசவே மாட்டார். நானாக இருந்தால் பேசிக் கெடுத்திருப்பேன்.

நோட்டு என்னிடம் வந்த பிறகு நானும் அதையே செய்தேன். ஒருநாள் கோவையிலிருந்து 22 கேட்டார்: "அவனுடைய ஊருக்குப் பின்கோடு என்ன?" அந்த வீட்டுத் திண்ணையில் எத்தனையோ இரவு படுத்து உறங்கியவர். வழி தெரியும், பின்கோடுதான் தெரியாது. சொன்னேன். அவர் 4-க்குக் கடிதம் எழுதினார். காது கேட்காதவரோடு பேச வேறு என்ன வழி. அதில் என்ன எழுதியிருந்தது என்று இருவரும் எனக்குச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

17 போனது 2021 ஜூனில், கொரோனாவின் இரண்டாம் அலையில். ஊரடங்கு. கூடலூருக்குப் போக எங்களில் ஒருவராலும் முடியவில்லை. மகன் காலை ஐந்து மணிக்குச் சொன்னான். அன்று நோட்டை எடுத்து 1-இல் தொடங்கினேன். குழுவில் போட எனக்கு மனம் வரவில்லை. ஒவ்வொருவரையும் கூப்பிட்டு, சமையல் என்ன என்று கேட்காமல், நேராகச் சொன்னேன். முடிக்கும்போது இரவு ஒன்பது மணி. 22 மட்டும் கேட்டார்: "இனி எங்களை யார் வைத்திருப்பார்கள்?" நான் இருக்கிறேன் என்று அப்போது சொல்லத் தைரியம் வரவில்லை. மறுநாள் கூப்பிட்டுச் சொன்னேன்.

பதினேழாம் பக்கத்தில் தேதியை எழுதிக் கோடு போட்டேன். அவருடைய இரண்டாவது விலாசத்தை அப்போதுதான் படித்தேன். இடம் மாறாத ஆள் என்று 1981-இல் அவர் எழுதியிருந்தது, 'கண்டக்டர், கூடலூர் – ஊட்டி காலைப் பஸ்.' சில ஆண்டுகளுக்கு முன்பு தாயகம் என்று சொல்லிக் கொண்டுவந்து விட்ட நாட்டில் அந்த இளைஞனுக்கு நிலையாகத் தெரிந்தவர் அந்த ஒருவர்தான். லயத்துக்கு வந்து சேர்ந்த அவர் குடும்பத்துக்கு அந்த மலையில் அப்போது யாரைத் தெரியும்?

ஒன்றுகூடல்களைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. படம் எடுக்க நன்றாக இருக்கும். 2006-இல் வெள்ளிவிழா, ஊட்டியிலேயே. அந்த ஆண்டு குறிஞ்சியும் பூத்தது. 2011-இல் மறுபடி சந்தித்தபோது சென்னையிலிருந்து வந்த இருவருக்கு மூச்சு வாங்கியது. ஊட்டி 2,240 மீட்டர். காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதைவிடக் கிட்டத்தட்ட நாலில் ஒரு பங்கு குறைவு. இருபது வயதில் ஓடியேறிய கல்லூரிப் படிகளில் நின்று நின்று ஏறினோம். இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர்கள், முழங்கால் மாற்றியவர்கள், கொண்டை ஊசி வளைவுகளில் தலைசுற்றுபவர்கள் என்று ஆளாளுக்குக் காரணம் கூடிக்கொண்டே வந்தது. அறுபதைத் தாண்டியதும் நாங்கள் மலையிலிருந்து இறங்கிவிட்டோம். இப்போது மேட்டுப்பாளையத்தில் ஒரு சிறிய மண்டபம். மேலே இருக்கும் நாங்கள் நால்வர் இறங்கிப் போகிறோம். கீழே இருப்பவர்கள் கோவை, ஈரோடு, திருப்பூரிலிருந்து வருகிறார்கள். 2024 மே மாதத்திலிருந்து வெளியூர் வண்டிகள் மலையேற இ-பாஸ் வேண்டும் என்றானது. டி.என். 43 என்று பலகை போட்ட எங்கள் வண்டிகளுக்கு அது வேண்டாம். தான் படித்த ஊருக்குப் போகத் தானே விண்ணப்பம் போட வேண்டியிருக்கிறது என்று 22 வருந்தினார். மலையின் பாரம் தாங்காமல் நீதிமன்றம் எடுத்த முடிவு அது. அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனாலும் அவர் வருத்தம் எனக்குப் புரிந்தது.

2023 டிசம்பரில் அவர் மலையேறி வந்தார். 4 இறந்த செய்தியை அவருக்கு நான்தான் சொன்னேன். 14 கொண்டை ஊசி வளைவுகளையும் வாந்தி எடுத்துக்கொண்டே கடந்து, குன்னூரில் என்னையும் ஏற்றிக்கொண்டு ஹட்டிக்கு வந்தார். படுகர் சாவில் ஒரு சடங்கு உண்டு. ஊர்ப் பெரியவர் பாடைக்கு அருகில் நின்று, மனிதன் செய்யக்கூடிய பாவங்களை ஒவ்வொன்றாகச் சொல்வார். ஊர்வனவற்றைக் கொன்றது. எல்லைக் கல்லை நகர்த்தியது. உடன்பிறந்தவர்களைப் பிரித்தது. ஒவ்வொன்றுக்கும் கூடியிருப்பவர்கள் அது பாவம் என்று சேர்ந்து சொல்வார்கள். கடைசியில், 1300 பாவம் செய்திருந்தாலும் எல்லாம் நீங்கட்டும் என்று வேண்டுவார்கள். அது இறந்தவரை மட்டும் குறித்த பட்டியல் அன்று. யார் இறந்தாலும் அதே பட்டியல்தான். படுக மொழி 22-க்குத் தெரியும். 4 சொல்லிக் கொடுத்தது. பிரித்தது என்ற இடம் வந்தபோது கூட்டத்தோடு சேர்ந்து அவர் உதடும் அசைந்தது. நான் பக்கத்தில் நின்றேன். வெள்ளை உடுத்திய பெண்கள் பாடையைச் சுற்றி வந்துகொண்டிருந்தார்கள். 4-இன் மனைவி எங்களைப் பார்த்து, கையைப் பிடித்து, 22-ஐ உள்ளே அழைத்துப் போனார். அலமாரியில் துணிகளுக்கு அடியில் அந்தக் கடிதம் இருந்தது. மடித்து மடித்து, மடிப்பில் தேய்ந்து, நான்கு துண்டாகப் போயிருந்தது.

இனி 26.

பெண்கள் விடுதியில் என் அறைத் தோழி. வகுப்பில் குறும்புக்காரி. யார் வராவிட்டாலும் அவர்கள் குரலில் 'பிரசன்ட் சார்' சொல்லிவிடுவாள். பேராசிரியரால் ஒரு முறையும் பிடிக்க முடிந்ததில்லை. இன்று கோவையில் மகள் வீட்டில் இருக்கிறாள். நான்கு ஆண்டுகளாக மறதி நோய். நினைவைப் புதிதாகப் பதியவைக்கும் பகுதியைத்தான் அது மூளையில் முதலில் தாக்குகிறதாம். அதனால் காலையில் சாப்பிட்டது தெரியாது. மகளைச் சில நாள் அக்கா என்கிறாள். ஆனால் பத்து வயதிலிருந்து முப்பது வயதுவரை வாழ்ந்தவை எல்லோருக்குமே முதுமையில் மற்றவற்றைவிட அடர்த்தியாக நினைவில் நிற்கும் என்று உளவியலாளர்கள் பல ஆய்வுகளில் கண்டிருக்கிறார்கள். கணவரும் பிள்ளைகளும் அவளுக்கு அந்த அடர்த்திக்குப் பிறகு வந்தவர்கள். அவள் இப்போது உலவும் காலத்தில் அவளோடு இருந்தவர்கள் நாங்கள்தான். இதை அவள் மகளிடம் சொன்னபோது அந்தப் பெண் வருந்துவாள் என்று பயந்தேன். "அப்படியானால் அடிக்கடி கூப்பிடுங்கள் ஆன்ட்டி" என்றாள்.

எனவே 26-க்கு மட்டும் வாரம் ஒருமுறை. தொடக்கத்தில் என்ன பேசுவது என்று தெரியாமல் தடுமாறினேன். நான் யார் என்று சொன்னால் "அப்படியா" என்பாள், வேற்று ஆளிடம் பேசுகிற மரியாதையோடு. நினைவிருக்கிறதா என்று கேட்கக் கூடாது. அந்தக் கேள்வி அவளைப் பதற வைக்கிறது. ஒருநாள் எனக்குப் பேச ஒன்றும் கிடைக்கவில்லை. நோட்டு திறந்திருந்தது. பேராசிரியரைப் போலவே குரலை வைத்துக்கொண்டு 'ஒன்று' என்றேன். மறுமுனையில் ஓர் ஆண்பிள்ளைக் குரல் வந்தது: 'பிரசன்ட் சார்.' 1-இன் குரல் அது. மூக்கடைத்தது போலப் பேசுவார், அதே மூக்கடைப்பு. 'இரண்டு' என்றேன். வேறு குரல்.

இப்போது வாராவாரம் அதைத்தான் செய்கிறோம். மகள் ஸ்பீக்கரில் போட்டுவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறாள். 31 எண்கள், ஏழெட்டு நிமிடம். கிடைக்காமல் போன இருவரும் வருகிறார்கள். நான் தேடித் தோற்ற அந்த இருவரின் குரலை நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகு முதல் முறை கேட்டபோது பேச்சு நின்றுவிட்டது எனக்கு. நோட்டில் தேதி எழுதிக் கோடு போட்டவர்களுக்கும் அவளே சொல்லுகிறாள். 4 வருகிறார், நல்ல காதோடு, உடனே பதில் சொல்லிக்கொண்டு. எல்லோருக்கும் 'பிரசன்ட் சார்'தான்.

ஒரே ஓர் எண்ணுக்கு மட்டும் சொல்லமாட்டாள். போன திங்கட்கிழமையும் அப்படித்தான். 'பதினாறு' முடிந்து 'பதினேழு' என்றேன். சிறிது நேரம் பேச்சில்லை. பிறகு அவளுடைய சொந்தக் குரலில், இருபது வயதுக் குரலில், "கூடலூர் பஸ் இன்னும் வரவில்லை சார்" என்றாள்.

சரி, உட்காருங்கள் என்றேன். பிறகு 'பதினெட்டு' என்று கூப்பிட்டேன்.